மலைக்குப் போன மனுக்கள்

அண்ணன் வேலையை விடப்போவதாகச் சொன்னது ஒரு சனிக்கிழமை காலையில். அப்பா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஒரு மிஷன் பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எழுபதுகளின் பின்பாதி அது. கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் பின்னால் போகும் சந்தில், ஆறு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம்.

அண்ணனுக்கு இருபத்தைந்து வயது. அரசாங்க உத்தியோகம் நிரந்தரமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சர்ச்சில் வாலிபர் கூட்டங்களுக்குப் போவான். வடக்கே மலைக்காடுகளில் ஊழியம் செய்துவிட்டு வந்தவர்கள் அங்கே பேசுவார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்துபோவார்கள், இவன் மட்டும் நின்று விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். போகப்போகிற இடம் பீகாரின் தெற்குப் பக்கம். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ இல்லாத மலையூர்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து, காய்ச்சல் வந்தால் மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்.

அப்பா நிமிரவில்லை. செயினை இரண்டு தடவை சுற்றிவிட்டார். பிறகு சொன்னார்: "எழுமலையில எங்க குடும்பத்துல மொத ஆளாப் படிச்சு வந்து கோர்ட்டுல கிளார்க்கா உக்காந்தேன். எதுக்கு? நீ திரும்பக் காட்டுக்குப் போறதுக்கா?"

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் மனசு மாறவில்லை என்பது அந்த நிற்பிலேயே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"போறதுன்னா போ. எனக்குக் கடுதாசி போடாத."

அம்மா மாவுக் கையோடு வெளியே வந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். "அங்க அரிசிச் சோறு கிடைக்குமா?" கிடைக்கும் என்றான். அவள் திரும்பிப் போய் மாவை வழித்தாள். அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்துதான் திரும்பினேன் என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்.

அவன் போன பிறகு வீடு ஒரு விசித்திரமான ஒழுங்குக்கு வந்தது. அந்த வருடங்களில் வைகை காய்ந்து கிடந்தது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர், அதுவும் காலையில் ஒரு மணி நேரம். அண்ணன் இருந்தவரை அது அவன் வேலை. இப்போது அப்பா எடுத்துக்கொண்டார். சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டி, தெருமுனைக் குழாய்க்கும் வீட்டுக்கும் ஐந்து நடை நடப்பார். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்குக் குடலிறக்கம் இருந்தது. நான் எடுக்கிறேன் என்றால் கேட்கமாட்டார். மண்ணெண்ணெய் வரிசை, ரேஷன் அரிசி, மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது என்று மகன் செய்துவந்த ஒவ்வொரு வேலையையும், அவன் இல்லாமலே நடக்கும் என்று யாருக்கோ காட்டுவதுபோலச் செய்தார். பிறகு வெள்ளைச் சட்டை போட்டு, தல்லாகுளம் பக்கம் கோர்ட்டுக்குச் சைக்கிளில் போவார். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை.

அண்ணனின் இன்லேண்ட் லெட்டர் அம்மா பெயருக்கு வரும். பதினைந்து நாள் ஆகும், சில சமயம் இருபத்தைந்து. அம்மா ஐந்தாவது வரை படித்தவள். வேதாகமம் தடையில்லாமல் வாசிப்பாள், கையெழுத்துதான் அவளுக்குப் பிடிபடாது. அதனால் நான் வாசிப்பேன். நான் காகிதத்தைப் பிரித்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். மறைந்து நின்று கேட்பாரோ என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே போய்விட்டிருந்தார்.

சர்ச்சில் அம்மாவுக்கு வேறு தொந்தரவு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர், அதாவது சபைப் போதகர், பிரசங்கத்தின் நடுவில் அண்ணனைப் பற்றிச் சொல்லி, இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்த தாய் எழுந்து நிற்கட்டும் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் முழங்கையால் இடித்தும் எழவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவரிடமே போய்ச் சொன்னாள்: "ஐயா, நான் யாருக்கும் குடுக்கல. அவன் போனான், நான் தடுக்கல. அம்புட்டுதான். இனிமே என்னைய எந்திரிக்கச் சொல்லாதீக." அவர் நல்ல மனிதர், அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அண்ணன் போன மூன்றாம் வருடம், மழைக்காலத்தில், ஏழு வாரம் கடிதம் வரவில்லை. அம்மா தபால்காரர் வருகிற நேரத்துக்குக் காம்பவுண்டு கதவு ஓரமாக வெங்காயம் உரிக்க உட்காருவாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கோர்ட்டிலிருந்து வந்ததும் ரேடியோப் பெட்டி மேல், நாங்கள் தபால் வைக்கிற இடத்தை, ஒரு தடவை பார்ப்பார்.

எட்டாவது வாரம் ஒரு போஸ்ட்கார்டு வந்தது. எங்கள் விலாசம் ஆங்கிலத்தில் இருந்தது, ஆனால் எழுதியதுபோல இல்லை, ஒவ்வொரு எழுத்தும் படம்போல வரைந்திருந்தது. மறுபக்கம் முழுக்க இந்தி. கோணல் கோணலான பெரிய எழுத்துகள், வரிகள் ஏறி இறங்கிப் போயின. அண்ணன் கையெழுத்து இல்லை.

வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. அப்பாவுக்கு அந்தப் பாஷையே ஆகாது. அண்ணன் பள்ளியில் படிக்கும்போது இந்திப் பரீட்சைக்குக் கட்டுகிறேன் என்று கேட்டதற்கு, என் வீட்டில் அது வேண்டாம் என்று சொன்னவர் அவர். அம்மா கார்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே இருந்தவரை நாங்கள் காலா என்று கூப்பிடுவோம், உருதுவில் சின்னம்மா என்று அர்த்தம். புருஷனை இழந்தவர், தையல் தைத்துப் பிழைத்தார். அவர் வீட்டில் பேசுவது உருது. காலா கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். யாராவது வாசித்தால் எனக்குப் புரியும், ஆனால் இந்த எழுத்து வேறு, எங்கள் எழுத்து வேறு என்றார்.

அப்பா கோர்ட்டிலிருந்து வந்தபோது நாங்கள் மூன்று பேரும் அந்தக் கார்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா அதை எடுத்துப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்து, இறங்கிய சைக்கிளில் மறுபடி ஏறினார். ஆற்றுப் பாலம் தாண்டி மாசி வீதிப் பக்கம் போய், அடகுக் கடை வைத்திருந்த வடநாட்டுச் சேட் ஒருவரைப் பிடித்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். சேட் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்ட துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான்தான் வாசித்தேன்.

மாஸ்டருக்குக் காய்ச்சல். பதினாறு நாளாக எழுந்திருக்கவில்லை. சில நேரம் எங்களுக்குத் தெரியாத பாஷையில் பேசுகிறார். ஆற்றில் தண்ணீர் வந்து பாதை போய்விட்டது. வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னார், அதனால் அவரைக் கேட்காமல் எழுதுகிறேன். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அவ்வளவுதான் இருந்தது. சின்னப் பிள்ளை எழுதியது, ஏகப்பட்ட பிழை என்று சேட் சொன்னாராம்.

மறுநாள் காலையில் அப்பா அண்ணனை அனுப்பிய சங்கத்தின் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தார். நான்கு நாள் கழித்து, ஆள் அனுப்பியிருக்கிறோம், பாதை துண்டித்திருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அப்பா முழுக்க வாசிக்கக்கூட இல்லை. அதற்குள் லீவு எழுதிக் கொடுத்து, ரயில் நேரம் கேட்டு வைத்திருந்தார்.

அம்மா தன்னுடைய இரண்டு சேலைகளையும் அப்பாவின் பயணப் பையிலேயே மடித்து வைத்தாள்.

"நீ எதுக்கு?" என்றார் அப்பா. "மூணு ரயில் மாறணும். அப்புறம் பஸ்ஸு. அப்புறம் நடை."

"நீங்க மட்டும் போனா அவனக் கூட்டிட்டு வந்துருவீக," என்றாள் அம்மா. "நான் பாத்துட்டு வரத்தான் வாரேன்."

அப்பா அவளைப் பார்த்தார். அந்தப் பேச்சில் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

கிளம்ப மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் காலா அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். பானி என்றால் தண்ணீர், தவா என்றால் மருந்து, புகார் என்றால் காய்ச்சல். புகார் என்றதும் அம்மாவுக்குச் சந்தேகம், யார் மேல் புகார் என்று கேட்டாள். அத்தனை கவலையிலும் காலா சிரித்துவிட்டார். என் மகன் எங்கே என்று கேட்க 'மேரா பேட்டா கஹா ஹை' என்று சொல்லவேண்டும். அம்மா அதை அரைக்கும்போதும் பெருக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எல்லாவற்றையும் காலண்டர்த் தாளின் பின்புறம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுமலையிலிருந்து பெரியப்பா கொடுத்து அனுப்பிய நிலக்கடலையை அம்மா வறுத்து ஒரு டப்பாவில் போட்டாள்.

அவர்கள் போன பிறகு நான் தனியாக இருந்தேன். காலா படுக்கையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தண்ணீர் இப்போது என் வேலை. சைக்கிளில் குடம் கட்ட வராது, இடுப்பில் எடுத்தேன். பிறகு எட்டரை மணிக்குப் பள்ளிக்கு ஓடுவேன்.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு சோதனை வந்தது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக முன்பே பேசியிருந்தார்கள். அப்பா அவசரத்தில் அவர்களுக்குத் தகவல் சொல்ல மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால் வாசலில் ஐந்து பேர் நிற்கிறார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார், ஒரு பள்ளி ஆசிரியர். காலா அவர்களை உட்காரவைத்து, தன் வீட்டிலிருந்து பாலும் டம்ளர்களும் கொண்டுவந்தார். நான் காபி போட்டேன். நடந்ததைச் சொன்னேன். வருத்தப்பட்டார்கள், ஜெபம் செய்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா, குணமானதும் அண்ணன் திரும்பி வந்துவிடுவான் அல்லவா, ஒரே பையன், வயசான காலத்தில் இவர்களை யார் பார்ப்பது என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எந்தப் பெற்றவளும் கேட்பாள்.

பெரியவர்கள் யாராவது இருந்திருந்தால் வழுக்கலாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நான் நின்றபடியே சொன்னேன்: "அண்ணே வரமாட்டான்னுதான் நெனைக்கிறேன், அத்தை. அப்பா அம்மாவ நான்தான் பாத்துக்கிடணும். அது சம்மதம்னா மேக்கொண்டு பேசுங்க."

அந்த அம்மா காபியைக் குடித்து முடித்தார். கலந்துகொண்டு சொல்கிறோம் என்று எழுந்தார்கள். படி இறங்கும்போது மாப்பிள்ளை என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பத்து நாளில் வேறு இடம் அமைந்துவிட்டதாகத் தகவல் வந்தது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. காலா என் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

அப்பாவும் அம்மாவும் இருபத்தாறு நாள் கழித்து வந்தார்கள். இரண்டு பேர் மட்டும். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அப்பாவின் கன்னம் ஒட்டியிருந்தது, காலில் செருப்புக் கடித்த புண். அம்மா என்னைக் கண்டதும் முதலில் சொன்னது, "உயிரோட இருக்கான்." அதன் பிறகுதான் வீட்டுக்குள் வந்தாள்.

அன்று சாயங்காலம் வரை அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். மலேரியாவாம். சங்கத்து ஆள் மருந்தோடு ஆற்றைக் கடந்து வருவதற்குள் ஊர்க்காரர்கள் அவனைக் கட்டிலோடு தூக்கி, ஆறு பேர் மாறி மாறிச் சுமந்து, காட்டுக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் பிழைத்து ஊருக்குத் திரும்பி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா ஊருக்குள் நுழைந்ததும் மனப்பாடம் பண்ணியதைச் சொல்லியிருக்கிறாள். அங்கே பேசுகிற பாஷையே இந்தி இல்லையாம், வேறு ஏதோ. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கையைப் பிடித்து நேரே அவனிடம் கூட்டிப்போய் விட்டாள். கார்டை எழுதியது சின்னப் பிள்ளை இல்லை. நாற்பது வயது விவசாயி, அண்ணனிடம் சாயங்காலத்தில் எழுத்துப் படித்தவர். அவர் தன் வாழ்க்கையில் எழுதிய முதல் கடிதம் அது. அண்ணனுக்கு வந்த பழைய கடிதம் ஒன்றைப் பார்த்து எங்கள் விலாசத்தை அப்படியே வரைந்திருக்கிறார்.

"அப்பா கூப்பிட்டாகளா?" என்று கேட்டேன்.

ஒரு தடவை கூப்பிட்டாராம். மூன்றாம் நாள், வா போகலாம் என்றாராம். அண்ணன், இவர்கள் பாதி எழுத்துதான் படித்திருக்கிறார்கள், நடுவில் விட்டால் அதுவும் மறந்துபோகும் என்றானாம்.  மறுநாள் அப்பா, அண்ணன் படுத்திருந்த இடத்தில் ஒரு கட்டுக் காகிதம் கிடந்ததை எடுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் மனுக்கள். ஊர்க்காரர்களின் நிலத்தை வெளியாட்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்டு அண்ணன் ஆங்கிலத்தில் எழுதுவான், அடிவாரத்தில் ஒரு வாத்தியார் அதை இந்தியில் மாற்றிக் கொடுப்பார். போன மனு ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததில்லை.

அப்பா முதல் மனுவை வாசித்துவிட்டுத்தான், மூன்று வருடத்தில் முதல் தடவையாக, மகனிடம் அதட்டிப் பேசியிருக்கிறார். அதை அம்மா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "மனுவுல அழுகாதடா. சர்வே நம்பர் எங்க? நாலு பக்கத்து எல்லை எங்க? யாரு அனுபவத்துல எத்தன வருசமா இருக்கு? இத வாசிக்கிற கிளார்க்கு நானா இருந்தாலும் கட்டுக்கு அடியிலதான் போடுவேன்."

பிறகு பதினோரு நாள் அங்கே அவர் வேலையே அதுதானாம். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சொல்வார்கள், அண்ணன் மொழிபெயர்ப்பான், அப்பா கேள்வி மேல் கேள்வி கேட்டு எழுதுவார். சாகப் பிழைத்த மகனை வைத்துக்கொண்டு இப்படி வேலை வாங்குகிறாரே என்று அம்மாவுக்கு முதலில் ஆத்திரம். பிறகு பார்த்தால் அண்ணன் தெம்பாகிக்கொண்டு வந்தானாம்.

அதற்குப் பிறகு கடிதங்கள் அப்பா பெயருக்கும் வர ஆரம்பித்தன. நலம் விசாரிப்பு இரண்டே வரி இருக்கும். மீதி எல்லாம் சந்தேகம். நில அளவைக் காகிதத்தின் நகல் கேட்டால் தரமறுக்கிறார்கள், என்ன செய்வது? தகப்பன் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கிறது, பரவாயில்லையா? அப்பா கோர்ட்டில் தெரிந்த வக்கீல்களிடம் கேட்டு, பீகார் நிலச் சட்டப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்தார். பென்ஷன் வாங்கிய பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. தண்ணீர் பிடித்துவிட்டு, குளித்து, எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தால் பதினொன்று வரை எழுந்திருக்கமாட்டார். சம்பளம் இல்லாத கோர்ட்டு என்று அம்மா சொல்வாள். நான் பள்ளி டைப்ரைட்டரில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில், வேலை முடிந்ததும், தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, அவற்றை அடித்துக் கொடுத்தேன்.

முதல் மனுவுக்குப் பதில் வர இரண்டு வருடம் ஆனது, தள்ளுபடி. அப்பா அந்த உத்தரவின் நகலை வரவழைத்து, எந்தக் காரணத்துக்காகத் தள்ளினார்கள் என்று சிவப்பு மையால் கோடு போட்டு, மேல்முறையீடு எழுதினார். அதுவும் தள்ளுபடி. மூன்றாவது குடும்பத்தின் மனு ஜெயித்தது. மொத்தம் ஏழு குடும்பத்துக்கு நிலம் திரும்பியது, அப்பாவின் ஆயுளுக்குள். மற்றவை நடந்துகொண்டிருந்தன. அண்ணன் அங்கேயே இருந்தான், அங்கே வேலை பார்த்த ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். எனக்கு முப்பத்தொரு வயதில், என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார், உங்கள் வீட்டுக்கே நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் கேட்டார். அப்படியே நடந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு புதன்கிழமை, மேஜையில் உட்கார்ந்தபடியே அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போய்விட்டார். அண்ணனுக்குத் தந்தி கொடுத்தோம். அவன் வந்து சேர ஐந்து நாள் ஆனது. அடக்கத்துக்கு அவன் இல்லை. வந்தவன் கல்லறைக்குப் போய்விட்டு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். அப்பா இருக்கும்போது வராமல்போனேனே என்று மட்டும் ஒரு தடவை சொன்னான்.

அதற்கு மறுநாள் தபாலில் ஒரு தடித்த கவர் வந்தது. தந்தி கிடைப்பதற்கு முன்னால் அண்ணனே அப்பாவுக்குப் போட்டது. அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பிரிக்காமல் சட்டைப் பையில் செருகப் போனான்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன கேட்டு எழுதியிருக்க?" என்றாள்.

ஒரு ஓடை திசை மாறிவிட்டது, அதை எல்லையாகக் காட்டிய பழைய பத்திரம் இன்னும் செல்லுமா என்று ஒரு கிழவர் கேட்டதாகச் சொன்னான்.

"அந்த ஆளு பதிலுக்குக் காத்துக்கிட்டு இருப்பார்ல," என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் உக்காந்து தேடுங்க. அவுக எங்கயாச்சும் எழுதி வச்சிருப்பாக."

அண்ணன் கவரைப் பிரித்தான். நான் அலமாரியிலிருந்து அப்பாவின் ஃபைல்களை இறக்கினேன், பதினான்கு இருந்தன. ஓடையைப் பற்றி ஒன்பதாவதில் இருந்தது.